மேத்ஸ் லிட் படித்தவருக்குக் கணித மாடல் வருமா?

தமிழில் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னியுங்கள் என்று தொடங்கி, பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆறு பேர் கொண்ட ஆய்வுக் குழு. எல்லாரும் உளவியலோ சமூகப்பணியோ படித்தவர்கள். 15 முதல் 24 வயது வரையிலான பெண்களிடம் மனநலக் கேள்வித்தாள் கொடுத்து மூன்று சுற்று டேட்டா சேர்த்திருக்கிறீர்கள். இப்போது பணம் கொடுக்கிறவர்கள் 'கணித மாடல் எங்கே?' என்கிறார்கள். அதாவது, எதை மாற்றினால் எது எவ்வளவு மாறும் என்று எண்களை வைத்துக் காட்டுகிற கணக்கு. இரண்டு பேரை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினால் போதுமா, பள்ளியில் மேத்ஸ் லிட் மட்டும் எடுத்த உங்களுக்கு அது தலையில் ஏறுமா, பணம் கொடுக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். இது வெளியே தெரிகிற கேள்வி. உள்ளே இன்னொன்று இருக்கிறது. கடைசி வரியில் நீங்களே அதைப் பாதி சொல்லிவிட்டீர்கள்: ஒரு பெண்ணின் மனசைச் சமன்பாட்டுக்குள் போடுவது சரியா? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மேத்ஸ் லிட் என்றால் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலிருந்து மெட்ரிக் வரை (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) கணிதம் எடுக்கலாம், இல்லாவிட்டால் மேத்ஸ் லிட்ரசி எடுக்கலாம். 2006-இல் வந்த பாடம். சம்பளச் சீட்டு, வட்டி, சதவீதம், வரைபடம் படிப்பது, சுவருக்கு எத்தனை லிட்டர் பெயின்ட் வேண்டும் என்பது மாதிரியான கணக்குகள். கால்குலஸ் கிடையாது. அதை எடுத்தவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற வழக்கம் இங்கே உண்டு. நான் பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவன். புள்ளியியல் படித்து, 19 வருடமாக டர்பனில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் எச்ஐவி டேட்டாவோடு போனது, பிறகு மனநலத்துக்கு வந்தேன். ஆய்வாளர்களுக்கு மாடல் பயிற்சி நடத்துவது இப்போது என் வேலையில் பாதி. நான் டாக்டரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. ஒரு பெண்ணுக்கு என்ன சிகிச்சை என்பதில் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஆயிரம் பெண்கள் வரிசையில் நின்றால் அந்த வரிசை எப்படி நகரும் என்பதில் கேட்கலாம்.

பயிற்சியின் முதல் நாள் நான் சொல்வது மொரிஷியஸ் கதை. நமக்குப் பக்கத்துத் தீவு. 1860-களின் பிற்பாதியில் அங்கே மலேரியா புகுந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களும் அதில் உண்டு. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் காய்ச்சல் தீவை விட்டுப் போகவே இல்லை. 1907-08-இல் ரொனால்ட் ராஸை வரவழைத்து வழி கேட்டார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று காட்டி 1902-இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். 1908-இல் அவர் கொடுத்த அறிக்கையில் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஊரில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், கொசு எத்தனை, அதில் எத்தனை கடிக்கும், கடித்ததில் எத்தனை பிழைத்திருந்து இன்னொருவரைக் கடிக்கும் என்று ஒன்றை ஒன்றால் பெருக்கிக்கொண்டே போகிறார். வந்த விடை எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைப்பது: கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் தானே தேயும். கடைசிக் கொசு வரை எப்படிக் கொல்வது என்று மலைத்துப் போயிருந்த ஒரு நிர்வாகத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். அதில் இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான், மேத்ஸ் லிட்டே அதற்குப் போதும். ஆனால் ராஸிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவரிடம் கொசு இருந்தது. எது எதை உண்டாக்குகிறது என்று முதலில் நிரூபித்துவிட்டு, அப்புறம் கணக்குக்கு வந்தார். இளம்பெண்களின் மனச்சோர்வில் அப்படி ஒற்றைக் கொசு கிடையாது. இந்தத் துறையில் மாடல் போடப் போகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த நாட்டில் மாடல் பயிற்சி என்றாலே அது தொற்றுநோய்ப் பயிற்சிதான். காரணமும் தெரிந்ததே. 2017-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் 15-24 வயதுப் பெண்களுக்குப் புதிதாக எச்ஐவி வரும் வேகம் அதே வயது ஆண்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. டர்பன் இருக்கிற குவாசுலு-நேட்டால் மாகாணம் அதில் முன்னணி. அந்த அவசரத்தில்தான் இங்கே மாடல் போடும் திறமை வளர்ந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் 'தெம்பீசா' மாடலின் எண்களை வைத்துத்தான் அரசாங்கமே எச்ஐவி திட்டம் போடுகிறது. முய்ஸன்பர்க்கில் 2003-இல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனமும், ஸ்டெலன்போஷில் 2006-இல் வந்த சசேமா என்ற மாடலிங் மையமும் சேர்ந்து வருடங்களாக நடத்தும் இரண்டு வாரப் பயிற்சியிலிருந்து நல்ல ஆட்கள் வெளியே வந்திருக்கிறார்கள். நானும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவன் மாதிரிதான். குறை சொல்லவில்லை. ஆனால் சுத்தியல் பிடித்துப் பழகியவனுக்கு எல்லாம் ஆணியாகத் தெரியும். தொற்றுநோய்ப் பயிற்சி முடித்து வருகிறவர் மனச்சோர்வுக்கு மாடல் போட உட்கார்ந்தால் முதலில் போடுகிற கோடு, சோர்ந்த பெண்ணிடமிருந்து அவள் தோழிக்குப் போகிற அம்பு. காய்ச்சல் தொற்றுகிற மாதிரி சோர்வும் தொற்றும் என்று.

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒருவர் சோர்ந்திருந்தால் அவரோடு பழகுகிறவர்களும் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் டேட்டாவை வைத்து எழுதியவர்கள் உண்டு. அதற்கு வந்த மறுப்பும் வலுவானது. ஒரே மாதிரி இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய் நட்பாகிறார்கள், அல்லது ஒரே தெருவில் ஒரே கஷ்டத்தில் இருக்கிறார்கள். கவனித்துச் சேர்த்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு, 'தொற்றியது' எது, 'சேர்ந்தது' எது என்று பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். உங்கள் மூன்று சுற்று டேட்டாவாலும் முடியாது. சர்ச்சை தீராத இடம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்த அம்புக்கு ஒரு எண் போட்டு, கம்ப்யூட்டரில் ஓட்டி, 'சோர்ந்த பெண்களைத் தனியாக உட்கார வைத்தால் பரவல் குறையும்' என்று ஒரு வரைபடம் வரும். நான் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். போட்டவர் நல்ல மனுஷர்.

சரி, எந்தக் கணக்கு உறுதியாக நிற்கும்? நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட தொட்டிக் கணக்குதான். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், எப்போது நிரம்பும் என்று வாத்தியார் உயிரை வாங்குவாரே, அதே. தொட்டியில் நிற்கும் தண்ணீர் என்பது இன்றைக்குச் சோர்வில் இருக்கும் பெண்கள். உள்ளே வருவது புதிதாகச் சோர்பவர்கள். வெளியே போவது தேறுபவர்கள். வரவும் போக்கும் ஒரு நிலைக்கு வந்துவிட்டால், வருடத்தில் 100 பேரில் 10 பேர் புதிதாகச் சோர்ந்து, ஒவ்வொருவரும் சராசரி 0.7 வருடம் அதில் இருந்தால், எந்த நாள் போய்ப் பார்த்தாலும் சுமார் 7 பேர் சோர்வில் இருப்பார்கள். அந்த 0.7-ஐ நான் காற்றில் பிடிக்கவில்லை. நெதர்லாந்தில் பொதுமக்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில் ஒரு சோர்வுக் காலம் சராசரியாக 8.4 மாதம் நீடித்தது. பாதிப் பேர் 3 மாதத்துக்குள் தேறிவிட்டார்கள், 5-இல் ஒருவர் 2 வருடம் கழித்தும் தேறவில்லை. அவர்கள் டச்சுக்காரர்கள், வயது வந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். இப்போது இரண்டு திட்டங்களை வைத்துப் பாருங்கள். ஒன்று நல்ல சிகிச்சை கொடுத்துச் சோர்வுக் காலத்தைப் பாதியாக்குகிறது. 10 பெருக்கல் 0.35, மூன்றரைப் பேர். இன்னொன்று பள்ளியிலும் வீட்டிலும் நிலைமையை மாற்றிப் புதிதாக வருபவர்களைப் பாதியாக்குகிறது. 5 பெருக்கல் 0.7, அதுவும் மூன்றரைப் பேர். ஒரே ஒரு நாள் போய் எண்ணிவிட்டு வருகிற ஆய்வுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதல் திட்டத்தில் 10 பெண்களும் சோர்ந்து எழுந்திருக்கிறார்கள், இரண்டாவதில் 5 பேர் விழவே இல்லை. உங்களிடம் மூன்று சுற்று இருக்கிறது, ஒரே பெண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறீர்கள். குழாயையும் வடிகாலையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிற டேட்டா அது. உங்கள் சொத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் உங்கள் கேள்வியைப் படித்ததும் நினைத்தேன்.

இன்னொரு கணக்கும் மேத்ஸ் லிட் அளவுதான். ஒரு பள்ளியில் 1,000 பெண்கள் என்று வையுங்கள். கணக்குக்காக 100 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு என்றும் வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்வி, 27-க்கு மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் 'கவனிக்க வேண்டியவர்'. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் பார்த்தபோது, அந்த 10 என்ற கட்-ஆஃப், சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 88 பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 100-க்கு 85 பேரைச் சரியாக விட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது பெருக்குங்கள். சோர்வுள்ள 100 பேரில் 88 பேர் மாட்டுவார்கள். சோர்வில்லாத 900 பேரில் 135 பேரும் மாட்டுவார்கள். ஆக மொத்தம் 223 பேர், அதில் உண்மையாகவே சோர்வுள்ளவர் 5-க்கு 2 பேர். பள்ளிக்கு ஒரு கவுன்சலர், வாரத்துக்கு 20 பேரைப் பார்ப்பார் என்றால், 223 பேரையும் ஒரு முறை உட்கார வைத்துப் பேச 223 அமர்வு, அப்புறம் 88 பேருக்கு ஆளுக்கு 6 அமர்வு என்று 528. கூட்டினால் 751. வாரத்துக்கு 20 என்றால் கிட்டத்தட்ட 38 வாரம். இங்கே பள்ளி நடப்பதே வருடத்துக்கு 40 வாரம் மாதிரிதான். கடைசியாகக் கூப்பிடப்படும் பெண்ணுக்கு முறை வருவதற்குள் அவள் தானே தேறியிருப்பாள், அல்லது பள்ளியை விட்டே போயிருப்பாள். கட்-ஆஃபை உயர்த்தினால் வரிசை குறையும், தவறவிடும் பெண்கள் கூடுவார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கணக்கு சொல்லாது, மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கிரீன் செய்வோம் என்று உற்சாகமாகக் கிளம்புகிற எந்தக் கூட்டத்திலும் இந்த ஒரு பக்கக் கணக்கை நீட்டினால் அறை அமைதியாகிவிடும்.

இதுவரை சொன்னதில் கடினமான கணிதம் ஏதும் இல்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு சமூகக் கூடத்தில் எட்டுப் பேருக்குப் பயிற்சி. போர்டில் நாலு கட்டம் போட்டிருந்தேன்: 'நலம்', 'சோர்வு', 'சிகிச்சையில்', 'தேறியவர்'. கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்பு. மதியத்துக்கு வந்த பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) ஆறிக்கொண்டிருந்தது. பின் வரிசையில் ஓய்வுபெற்ற கிளினிக் சிஸ்டர் ஒருவர். நர்ஸை இங்கே எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். நாலாவது தலைமுறை டர்பன்காரர். மாரியம்மன் கோயில் கஞ்சிப் பூசையில் கணீரென்று தமிழில் பாடுவார், பேச்செல்லாம் ஆங்கிலம். அவர் எழுந்து வந்து 'சோர்வு'க்கும் 'சிகிச்சை'க்கும் நடுவில் விரலை வைத்தார். "தம்பி, இங்கே ஒரு பெஞ்ச் உண்டே, அதைக் காணோமே" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்: காலை ஐந்து மணிக்கே கிளினிக்கில் வரிசை. யூனிஃபார்மில் ஒரு பிள்ளை வந்து அந்த பெஞ்சில் உட்காரும். எதிர் பெஞ்சில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பிரஷர் மாத்திரைக்கு உட்கார்ந்திருப்பார். 'என்னம்மா, உடம்புக்கு என்ன?' என்பார். பிள்ளை எழுந்து போய்விடும். "உங்கள் அம்பு நேரே போகுது. அந்தப் பிள்ளை நேரே போகாது. இரண்டு தரம் வந்து திரும்பினவள் மூன்றாம் தரம் வரமாட்டாள். வரவே வராதவளும் அவளும் ஒன்றில்லை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருப்பது சுத்தமான மாடலிங். நான் போட்ட கட்டங்களில் ஒரு விதி ஒளிந்திருந்தது: 'சோர்வு' என்ற கட்டத்துக்குள் இருக்கும் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி, முன்னால் என்ன நடந்தது என்பது கணக்கில் வராது. சிஸ்டர் சொன்னது, முன்னால் நடந்ததுதான் எல்லாமே என்று. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டோம், 'வந்து திரும்பியவர்'. அதிலிருந்து சிகிச்சைக்குப் போகும் அம்பை மெல்லிய கோடாக்கினோம். மதியம் எக்செல்லில் ஓட்டிப் பார்த்தோம். பழைய படத்தில் இன்னொரு கவுன்சலரைப் போட்டால் நிலைமை சட்டென்று சீராகிறது. புதிய படத்தில் அவரைப் போட்டும் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அவரிடம் வந்து சேர்பவர்களே குறைவு. பள்ளி விட்டபின் இளையவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் படம் மாறுகிறது. எண்கள் எல்லாம் நாங்கள் யூகத்தில் போட்டவை, அதை வைத்து யாரும் கிளினிக்கை மாற்ற வேண்டாம். நான் சொல்ல வருவது, அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தது கால்குலஸ் தெரிந்த நான் இல்லை என்பதை. உங்கள் குழுவில் ஆறு பேரும் அந்த பெஞ்சைப் பார்த்தவர்கள். மேத்ஸ் லிட் பற்றிய உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான். அம்பு போடத் தெரிந்தவருக்குச் சமன்பாடு எழுதித் தர ஆள் கிடைப்பார். தப்பான அம்பைச் சரியான சமன்பாடாக எழுதித் தரவும் ஆள் கிடைப்பார், அவரிடம்தான் ஜாக்கிரதை.

கேள்வித்தாள் விஷயத்தில் நீங்கள் என்னைவிட விவரமானவர், அதனால் சுருக்கமாக. பிஎச்க்யூ-9 தூக்கம், பசி, களைப்பு எல்லாம் கேட்கிறது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் 19 வயதுப் பெண்ணிடம் அந்த மூன்றையும் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்'தான். பிரசவத்துக்குப் பின் கேட்பதற்கென்று 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் உடம்பு அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது இதனால்தான். மொழி இன்னொரு சிக்கல். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், 'ரொம்ப யோசிக்கிறது' என்று பொருள். நம் பாட்டிமார் 'ஒரே யோசனையா இருக்கா' என்பார்களே, அதே. அந்தச் சொல்லை வைத்தே அங்கே 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' என்று பாட்டிமாரைக் கொண்டு ஆலோசனை தருகிற முறை வளர்ந்தது. 2016-இல் வெளியான ஹராரே சோதனையில் 573 பேர். ஆறு மாதம் கழித்து அறிகுறி மதிப்பெண் அந்த முறையில் 3.81, வழக்கமான கவனிப்பில் 8.90. மாடலுக்குள் போகிற எண் எந்தச் சொல்லால் கேட்டு வாங்கியது என்பதைப் பயிற்சியில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

என் சறுக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு திட்டத்துக்கு மாடல் போட்டேன். முதல் சுற்றில் கட்-ஆஃபுக்கு மேல் வந்த பெண்களை மட்டும் எடுத்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் நன்றாக இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தைத் 'தேறும் வேகம்' என்று மாடலுக்குள் போட்டு, அழகான வளைகோடுகளோடு கொண்டுபோய்க் காட்டினேன். முதுகலை மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, "கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் சார்?" என்றாள். அவர்கள் மதிப்பெண் ஏறியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது, நாங்கள் முதல் சுற்று போனதோ நவம்பரில், மெட்ரிக் பரீட்சை நேரம். மோசமான வாரத்தில் அகப்பட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அடுத்த முறை அவர்கள் நன்றாகத்தான் தெரிவார்கள், யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும். அதோடு கால்வாசிப் பெண்கள் இரண்டாம் சுற்றுக்கு வரவே இல்லை. ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனவர்கள், குழந்தை பெற்றவர்கள், யாரோடோ தகராறில் வீடு மாறியவர்கள். வந்தவர்களை மட்டும் எண்ணி 'தேறினார்கள்' என்றேன். அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்தினோம். அன்றிலிருந்து என் பயிற்சியில் சமன்பாடு வருவதற்கு முன்னால் ஒரு முழு நாள் 'யார் காணவில்லை' என்பதற்கே போகிறது.

எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். பெண்களிடம் மனச்சோர்வு ஆண்களைவிட அதிகம், அந்த இடைவெளி 12 வயதிலேயே தெரிகிறது, 13-15-இல் சுமார் மூன்று மடங்காக உச்சம் தொடுகிறது, பெரியவர்களானபின் இரண்டு மடங்கு அளவுக்கு வருகிறது. பல நாட்டு டேட்டாவில் திரும்பத் திரும்ப வருவதால் இதை நம்பலாம். பெரும்பாலான மனநோய்கள் 25 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்பதும் அப்படியே. தென்னாப்பிரிக்காவில் 2002-04-இல் 4,351 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், அந்த வருடம் மனநலப் பிரச்சினை இருந்தவர்களில் நாலில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை தேடியிருந்தார். ஆனால் அது 18-க்கு மேற்பட்டவர்கள், 20 வருடம் பழசு. வறுமை, வன்முறை, படிப்பு நின்றுபோவது இவற்றுக்கும் சோர்வுக்கும் தொடர்பு இருப்பது உறுதி. ஆனால் எது முந்தி எது பிந்தி, ஒவ்வொன்றின் பலம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. சோர்ந்ததால் படிப்பு நின்றதா, நின்றதால் சோர்ந்தாளா? இரண்டும் என்றால் அது சுழல், சுழலுக்குத்தான் மாடல் உண்மையில் உதவும். செல்போன் கட்டத்தை எல்லாப் பயிற்சியிலும் யாராவது பெரிதாக வரைகிறார்கள். பெரிய டேட்டாக்களை வைத்து 2019-இல் பார்த்தவர்கள், இளையோரின் நலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் 0.4 சதவீதத்துக்கு மேல் அதனால் விளக்க முடியவில்லை என்றார்கள். மறுப்பவர்களும் விடவில்லை. இளம்பெண்களுக்குத் தனியாகப் பார்த்தால் வேறு கதை என்கிறார்கள். நான் அந்தக் கட்டத்தைச் சின்னதாக வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எந்தப் பெண் தன்னை மாய்த்துக்கொள்ள முயல்வாள் என்று ஆள் குறித்துச் சொல்ல மாடலைப் பயன்படுத்தாதீர்கள். 50 வருட ஆய்வுகள், 365 ஆய்வுக் கட்டுரைகள், எல்லாவற்றையும் 2017-இல் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கணிப்பு பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று வந்தது. கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கைத் தனி ஆளின் நெற்றியில் ஒட்டக்கூடாது. இதோடு சேர்த்து இன்னொன்று: பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைக் கேட்கிறது. மாடல் போடுகிறவர் கையில் அந்தப் பதில் மூன்று மாதம் கழித்து ஒரு எண்ணாக வரும். கேட்டவர் அன்றைக்கே, அந்த இடத்திலேயே அவளை ஒருவரிடம் கூட்டிப் போக ஏற்பாடு இருந்ததா? அது இல்லாத டேட்டாவைத் தொடமாட்டேன் என்று சொல்கிற துணிவும் பயிற்சியில் சேர்த்தி. பெயர், அடையாள எண் இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடப்பில் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தகவலுக்கு இன்னும் கெடுபிடி.

இரண்டு வாரம் போதுமா என்றால், மாடல் போடுகிறவராக ஆகப் போதாது. மாடல் போடுகிறவரிடம் சண்டை பிடிக்கப் போதும். உங்களுக்கு முதலில் தேவை இரண்டாவது. அனுப்புகிற இரண்டு பேரில் ஒருவராவது வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவராக இருக்கட்டும், தலைவரை அனுப்பாதீர்கள். பொது உதாரணத்தோடு போகாமல் உங்கள் டேட்டாவோடு போங்கள். அது தயாராகவில்லை என்றால் நிட்ஸ் என்ற தேசிய வருமான ஆய்வின் டேட்டா இருக்கிறது. 2008 முதல் 2017 வரை ஐந்து சுற்று, சோர்வு பற்றிப் பத்துக் கேள்வியும் உண்டு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட்டில் பதிவு செய்து இலவசமாக எடுக்கலாம். முதல் வாரம் காகிதம், பென்சில், எக்செல் போதும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை இரண்டாம் வாரத்தில் தொடலாம். அதுவும் இலவசம். முதல் நாளே ஆர் எழுதச் சொல்கிற பயிற்சியில் உங்களைப் போன்றவர்கள் மூன்றாம் நாள் பின் வரிசைக்குப் போய்விடுகிறார்கள், அது உங்கள் குற்றமில்லை. நான் வைத்திருக்கும் ஒரு வழக்கம் பயன்படலாம். படத்தில் உள்ள ஒவ்வொரு அம்புக்கும் மூன்று நிற மார்க்கர். நம் டேட்டாவிலிருந்தே தெரிந்தால் பச்சை, வேறு ஊரிலிருந்து கடன் வாங்கிய எண் என்றால் நீலம், யூகம் என்றால் சிவப்பு. ஃபீனிக்ஸில் அன்று 11 அம்பு போட்டோம், இரண்டுதான் பச்சை. சிவப்பு அம்புகளின் எண்ணை இரட்டிப்பாக்கி, பாதியாக்கி ஓட்டிப் பார்த்து, விடை தலைகீழாகிறதா என்று பார்ப்பதுதான் இரண்டாம் வாரத்தின் உண்மையான பாடம். தலைகீழாகிற அம்பு எது என்று தெரிந்துவிட்டால், நாலாவது சுற்றில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கிறவர்களிடம், மாடல் வரும், ஆனால் முதல் வருடம் வரப்போவது எதிர்காலக் கணிப்பு இல்லை, அம்புகளுக்கு நிறம் போட்ட ஒரு பக்கம் என்று எழுதிக் கொடுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த 751 அமர்வுக் கணக்கை உங்கள் பள்ளிகளின் எண் போட்டுக் காட்டுங்கள், ஒரே மாலையில் முடிகிற வேலை. பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் இரண்டே விஷயம் எனக்கு இங்கேயே எழுதுங்கள். மூன்று சுற்றுகளும் எந்தெந்த மாதத்தில் நடந்தன? முதல் சுற்றில் இருந்து மூன்றாவதில் இல்லாத பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள் என்று அந்தத் தெருவில் யாருக்காவது தெரியுமா?